நடவாத போட்டிகளும் நடத்த விடாத போட்டிகளும்

விளையாட்டுப் பற்றிய விவாதங்களுள் முடிவு காணாத சில உண்டு. இன்றைய குத்துச்சண்டை வீரர் ஒருவர் முந்தைய காலத்து மேடையொன்றில் ஏறியிருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்ற வினா அவற்றுள் ஒன்றாகும். குறிப்பாக, எடைக்கு மேலெல்லை இல்லாத அதிபாரப் பிரிவைச் சார்ந்தே இவ்வினா பெரிதும் எழுப்பப்படுகின்றது. ஆறடி ஒன்பது அங்குல உயரமுடைய டைசன் பியூரி, 1919 ஆம் ஆண்டின் ஜாக் டெம்ப்சியைச் சந்தித்திருந்தால் வென்றிருப்பவர் யார்? ஒலெக்சாண்டர் உசிக், 1938 ஆம் ஆண்டின் ஜோ லூயிசின் முன் எத்தனை சுற்றுகள் நின்றிருப்பார்? இவ்வாறான வினாக்களுக்கு விடை கூறுவோர் பொதுவாக இரு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். ஓர் அணியினர் உடலளவை நம்புவோர். மற்றையோர் பொற்காலத்தை நம்புவோர். இவ்விரு அணியினரும் ஒருவரையொருவர் கடுமையாக மறுப்பினும், அடிப்படையில் ஒரே பிழையைச் செய்கின்றனர். ஒரு வீரனை அவனை உருவாக்கிய காலத்திலிருந்து பிரித்தெடுத்து, பண்டமொன்றைப் போல வேறொரு காலத்தில் இறக்கி வைத்துவிடலாம் என்பதே அப்பிழையாகும்.

முதலில் உடலளவை நம்புவோரின் வாதத்தை நோக்கலாம். லூயிஸ், ஜேர்மனியரான மாக்ஸ் ஷ்மெலிங்கை 1938 இல் முதற் சுற்றிலேயே வீழ்த்தியபோது அவரது எடை 200 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. தோல்வியே காணாது 49 போட்டிகளில் வென்று ஓய்வுபெற்ற றொக்கி மார்சியானோ ஆறடி உயரத்தையும் எட்டாதவர்; அவரது எடை 190 இறாத்தலுக்கும் குறைவு. இவர்கள் இன்று வாழ்ந்தால் அதிபாரப் பிரிவில் இடம்பெறவும் மாட்டார்கள். அதற்குக் கீழுள்ள, 200 இறாத்தலை எல்லையாகக் கொண்ட குறூசர் எடைப் பிரிவுக்கே அனுப்பப்படுவர். எனவே 260 இறாத்தல் எடையுள்ளவர் முன் இவர்கள் நிற்பது எங்ஙனம் என்பதே இவ்வணியினரின் கேள்வி.

கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால் பேருருவம் படைத்தோர் முந்தைய காலத்து மேடையில் ஏறியே இராதவர்கள் அல்லர். 1919 யூலை 4 ஆம் நாள் ஒகையோ மாநிலத்து டொலீடோவில் டெம்ப்சியைச் சந்தித்த ஜெஸ் வில்லார்ட் ஆறடி ஆறரை அங்குல உயரமும் 245 இறாத்தல் எடையும் உடையவர். டெம்ப்சியின் எடை 187 இறாத்தல் மட்டுமே. முதற் சுற்றிலேயே வில்லார்ட் ஏழு தடவை தரையில் வீழ்ந்தார்; மூன்றாஞ் சுற்றின் பின் அவரால் எழுந்து வர இயலவில்லை. 1935 இல் ஏறத்தாழ 260 இறாத்தல் எடையுள்ள இத்தாலியரான பிறீமோ கார்னெராவை, 196 இறாத்தல் எடையுள்ள லூயிஸ் ஆறாஞ் சுற்றில் முறியடித்தார். பழங்கதைகள் வேண்டா எனின் அண்மைக் காலத்துச் சான்றே போதுமானது. 2024 மே 18 ஆம் நாள் சவூதி அரேபியாவின் றியாத் நகரில் பியூரியை வென்று நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றிணைத்த உசிக், பியூரியைவிட ஆறு அங்குலம் குள்ளமானவர். ஏறத்தாழ 40 இறாத்தல் எடை குறைந்தவர். அதே ஆண்டு டிசம்பரில் பியூரி 281 இறாத்தலாகத் தம் எடையைப் பெருக்கிக்கொண்டு மீண்டும் மோதினார். 226 இறாத்தல் எடையுடன் வந்த உசிக்கே மீண்டும் வென்றார். அதிபாரப் பிரிவுக்கு வருமுன் இதே உசிக், 2018 இல் குறூசர் எடைப் பிரிவின் நான்கு பட்டங்களையும் வென்றிருந்தவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. எந்தப் பிரிவுக்கு லூயிசையும் மார்சியானோவையும் அனுப்பிவிடலாம் எனக் கூறப்படுகின்றதோ, அப்பிரிவிலிருந்து வந்தவரே பேருருவத்தினரை இருமுறை வென்றார்.

உடலளவு பயனற்றது என்பது இதன் பொருளன்று. கைநீளமும் எடையும் உண்மையான அனுகூலங்கள். திறமை சமமாக உள்ளவிடத்து அவை தீர்ப்பை மாற்றக்கூடியன. ஆயின் அளவு என்பது திறமையுடன் சேர்ந்து இயங்கும் ஒரு கூறேயன்றித் திறமைக்குப் பதிலாக நிற்கக்கூடியதன்று. உடலளவு மட்டுமே முடிவு தருமெனின் போட்டிகளே வேண்டுவதில்லை. தராசு ஒன்றே போதும்.

இனிப் பொற்காலத்தை நம்புவோரின் வாதம். முந்தைய வீரர்கள் அடிக்கடி போட்டியிட்டனர். நீண்ட சுற்றுகள் போராடினர். ஆகவே அவர்கள் வைரம் பாய்ந்தவர்கள். இன்றையோர் ஆண்டுக்கு ஓரிரு தடவை மட்டும் மேடையேறிப் பெரும் பணம் பெறும் செல்வப் பிள்ளைகள் என்பது அவர்களது கூற்று. இதிலும் ஓரளவு உண்மை உண்டு. 1940 டிசம்பர் தொடக்கம் 1941 யூன் வரையான ஏழு மாதங்களில் லூயிஸ் ஏழு தடவை தம் பட்டத்தைக் காத்துக்கொண்டார். இன்றைய சம்பியன் எவரும் அதனைச் செய்யார்.

ஆனால் அவ்வேழு போட்டிகளின் தரம் யாது? அவற்றுள் பலவற்றில் லூயிசின் எதிராளிகள் வெல்லக்கூடியவர்கள் என எவரும் கருதவில்லை; அக்காலப் பத்திரிகையாளரே அவ்வரிசையை எள்ளி நகையாடினர். ஏழாவதாக வந்த பில்லி கொன் மட்டும், தம்மிலும் மிகக் கனமான லூயிசைப் பன்னிரண்டு சுற்றுகள்வரை திணறடித்துப் பதின்மூன்றாஞ் சுற்றில் வீழ்ந்தார். அதிக எண்ணிக்கை உயர்ந்த தரத்துக்குச் சான்றாகாது. நீண்ட சுற்றுகளும் அத்தகையனவே. 1891 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கோர்பெட்டும் பீற்றர் ஜாக்சனும் 61 சுற்றுகள் மோதினர். ஈற்றில் இருவருமே தொடர இயலாத நிலையில் போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டது. அது வியக்கத்தக்க தாங்குசக்திதான். ஆயினும் 61 சுற்றுகளுக்கென உடலையும் மூச்சையும் சேமித்து வைப்பவனது கலை வேறு. பன்னிரண்டு சுற்றுகளுக்குள் யாவற்றையும் செலவிடுபவனது கலை வேறு. ஒன்றை மற்றதன் அளவுகோலால் அளப்பது, நெடுந்தூர ஓட்டக்காரனைக் குறுந்தூர ஓட்டக்காரனுடன் ஒப்பிட்டு வீரத்தைத் தீர்மானிப்பதற்கு ஒப்பாகும். மேலும், அந்நீண்ட போட்டிகளுக்குக் கொடுக்கப்பட்ட விலையைப் பொற்காலப் பாடகர் கூறுவதில்லை. தலையில் தொடர்ந்து அடிவாங்கியோரிடம் காணப்படும் தள்ளாட்டத்தையும் மூளைத் தளர்ச்சியையும் 1928 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவரான ஹரிசன் மார்ட்லண்ட் மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். 1982 இல் தென்கொரிய வீரர் கிம் டுக் கூ உயிரிழந்ததன் பின்னரே பட்டப் போட்டிகள் பதினைந்து சுற்றுகளிலிருந்து பன்னிரண்டாகக் குறைக்கப்படலாயின. சுற்றுகள் குறைந்தமை வீரம் குறைந்தமையால் அன்று. மனித உயிர் சற்றேனும் மதிக்கப்பட்டமையாலேயே.

விதிகள் மாறும்போது கலையும் மாறுகின்றது என்பதற்கு டொலீடோப் போட்டியே நல்ல எடுத்துக்காட்டு. வீழ்ந்தவனை விட்டு விலகி நடுநிலை மூலைக்குச் செல்லவேண்டும் என்ற கட்டுப்பாடு அன்று டெம்ப்சிக்கு இருக்கவில்லை. வில்லார்ட் முழங்காலை ஊன்றி எழும்போதே அருகில் நின்ற டெம்ப்சி மீண்டும் அடித்தார். அவ்விதி வந்தபின், 1927 இல் சிக்காகோவில் ஜீன் டனியை வீழ்த்திய அதே டெம்ப்சி மூலைக்குச் செல்லத் தாமதித்தமையால், எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியது, டனி எழுந்தார், வென்றார். ஒரே மனிதர், ஒரே கை, விதி மட்டுமே வேறு. அவ்வாறாயின், பியூரி டெம்ப்சியுடன் மோதுவது எந்த விதியின் கீழ்? 1919 இன் விதியா, இன்றைய விதியா? எக்காலத்துக் கையுறை? எக்காலத்து நடுவர்? இவற்றைக் கூறாது வெற்றி தோல்வியைக் கூறுவோர், பதிலைக் கூறவில்லை. தம் விருப்பத்தையே கூறுகின்றனர்.

விருப்பம் எவ்வாறு விஞ்ஞானத்தின் வேடம் புனைந்து வரும் என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்திய நிகழ்ச்சியொன்று சான்று பகர்கின்றது. 1967 இல் அமெரிக்க வானொலியில், கணனியின் துணையுடன் எல்லாக் காலத்துச் சம்பியன்களும் ஒருவரோடொருவர் மோதும் கற்பனைப் போட்டித் தொடர் ஒலிபரப்பப்பட்டது. அதில் முகம்மது அலி, ஜேம்ஸ் ஜெப்ரீசிடம் தோற்றதாகக் கணனி கூறியது. அலி அதனை அவதூறெனக் கொண்டு வழக்குத் தொடர்ந்தார். பின்னர் 1969 இல், ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகளான மார்சியானோவும் அலியும் ஒளிப்படக் கருவியின் முன் மோதுவதுபோல் நடித்தனர். முடிவு கணனியிடம் விடப்பட்டதாக விளம்பரம் செய்யப்பட்டது. 1970 சனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்டபோது மார்சியானோ பதின்மூன்றாஞ் சுற்றில் வென்றார். ஐரோப்பாவிற் காட்டப்பட்டதிலோ அலி வென்றார். கணனிக்கும் பார்வையாளரின் முகம் பார்த்துப் பேசத் தெரிந்திருந்தது.

இந்நிகழ்ச்சியின் பின்னணி விளையாட்டானதன்று. வியட்நாம் யுத்தத்துக்குப் படையிற் சேர மறுத்தமையால் 1967 இல் அலியின் பட்டம் பறிக்கப்பட்டிருந்தது. உண்மையான மேடைகள் அவருக்கு மூடப்பட்டிருந்தன. உண்மையில் எவராலும் வீழ்த்தப்படாத கறுப்பின வீரன், உண்மையில் போட்டியிடத் தடுக்கப்பட்டிருந்த வேளையில், கற்பனையில் வெள்ளைச் சம்பியன் ஒருவரால் வீழ்த்தப்பட்டான். வானொலியில் அவரை வென்றதாகக் கூறப்பட்ட ஜெப்ரீஸ் யார் என்பதும் சிந்திக்கத்தக்கது. தாம் சம்பியனாயிருந்த காலத்தில் கறுப்பினத்தவரான ஜாக் ஜோன்சனைச் சந்திக்க மறுத்து, 1905 இல் தோல்வி காணாதவராக ஓய்வுபெற்றவர் அவர். 1910 யூலை 4 ஆம் நாள், வெள்ளை இனத்தின் மானத்தைக் காக்கவென மீண்டும் அழைத்து வரப்பட்டு, நெவாடாவின் றீனோ நகரில் பதினைந்தாஞ் சுற்றில் ஜோன்சனிடம் முறியடிக்கப்பட்டார். அவ்வெற்றிச் செய்தி பரவியதும் அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பினத்தவர் தாக்கப்பட்டனர், உயிர்களும் பலியாகின. குத்துச்சண்டைப் படங்களை மாநிலத்துக்கு மாநிலம் கொண்டுசெல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1912 இல் வந்தது. உண்மையான போட்டியின் படம் தடுக்கப்பட்டது; கற்பனைப் போட்டியின் படம் விற்கப்பட்டது.

இனி மூல வினாவுக்கு மீளலாம். இன்றைய வீரர்கள் முந்தைய காலத்தில் என்ன செய்திருப்பர்? உடலை மட்டுமன்றி மனிதனை முழுமையாக அக்காலத்துக்கு அனுப்பிப் பார்த்தால் விடை தெளிவாகவே கிடைக்கும்.

பியூரி வெள்ளையர். 1910 க்கும் 1915 க்கும் இடையில் அவர் வாழ்ந்திருப்பின் அவரை வரவேற்க ஏற்பாட்டாளர்கள் வரிசையில் நின்றிருப்பர். ஜோன்சனை வீழ்த்தவல்ல பெரிய வெள்ளையன் ஒருவனைத் தேடி அக்காலத்தில் ஊரூராக அலைந்தனர். அத்தேடலின் விளைவாகவே வில்லார்ட் கிடைத்தார். 1915 இல் ஹவானாவில் இருபத்தாறாஞ் சுற்றில் ஜோன்சனை வென்றார். பியூரிக்குக் கதவு திறந்தே இருந்திருக்கும்.

பியூரியின் நாட்டவரான அன்ரனி ஜோசுவா நைஜீரிய வழிவந்தவர். 2012 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். பின்னர் உலக சம்பியனாக விளங்கியவர். 1930 இல் அவர் என்ன செய்திருப்பார்? டெம்ப்சியையோ லூயிசையோ வெல்வது ஒருபுறமிருக்க, தம் சொந்த நாட்டின் பட்டத்துக்கே அவர் போட்டியிட்டிருக்க முடியாது. பிரித்தானியப் பட்டத்துக்கு மோதுவோர் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தவராயிருத்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. 1948 இல் டிக் டர்பின் நடுத்தர எடைப் பட்டத்தை வென்றபோதே கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முறையாக அப்பட்டத்தைப் பெற்றார். 1911 இல் இலண்டனில் ஜோன்சனுக்கும் வெள்ளையரான பில்லி வெல்சுக்கும் நடைபெறவிருந்த போட்டியைத் தடுத்தபோது உள்நாட்டமைச்சராக இருந்தவர் வின்ஸ்ரன் சேர்ச்சில். ஜோசுவாவின் உயரத்தையும் கைநீளத்தையும் அளந்து அவரை 1930 க்கு அனுப்புவோர், அவரது தோலின் நிறத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டு அனுப்புகின்றனர்.

உசிக் 1987 இல் கிரிமியாவிற் பிறந்த உக்ரேனியர். நாற்பது ஆண்டுகள் முன்னர் பிறந்திருப்பின் அவர் சோவியத் குடிமகன். ஆங்குத் தொழில்முறைக் குத்துச்சண்டை இருக்கவில்லை. அலியின் காலத்தில் அவர் ஒலிம்பிக் பதக்கங்களைப் பெற்றிருக்கலாம். அலியைத் தொழில்முறை மேடையிற் சந்தித்திருக்க முடியாது. இதற்குக் கற்பனையும் வேண்டியதில்லை. 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களிலும் அதிபாரப் பிரிவில் தங்கம் வென்ற கியூபாவின் தியோபிலோ ஸ்ரீவென்சன், ஒருபோதும் தொழில்முறை மேடை ஏறவில்லை. அலியும் அவரும் ஒரே காலத்தவர், மோதவேயில்லை. அவர்களுள் வலியவர் யார் என்பதை எவரும் அறியார்.

ஆக, மூவருக்கும் மூன்று விதி. அவற்றைத் தீர்மானிப்பன கைநீளமும் எடையும் அல்ல. இனமும் நாடும் சட்டமும் பணமுமே. முந்தைய காலம் என்பது குத்துச்சண்டை மேடை மட்டுமன்று. அம்மேடைக்குச் செல்லும் வாயிலுமாகும். வாயிலைப் பற்றிப் பேசாது மேடையைப் பற்றி மட்டும் பேசுவோர், பாதி வரலாற்றையே பேசுகின்றனர்.

இவ்விடத்திலேயே இவ்விவாதத்தின் உண்மையான அநீதி புலப்படுகின்றது. நடக்கவே இயலாத போட்டிகளைக் கற்பனை செய்வதில் செலவிடப்படும் ஆர்வத்தில் ஒரு பங்கேனும், நடந்திருக்கக்கூடியனவாயிருந்தும் தடுக்கப்பட்ட போட்டிகளின்பாற் செலுத்தப்படுவதில்லை. ஜோன் எல். சலிவன் தம் காலத்தவரான பீற்றர் ஜாக்சனைச் சந்திக்க மறுத்தார். ஜாக்சனுடன் 61 சுற்றுகள் மோதிய கோர்பெட், 1892 இல் சலிவனை வென்று சம்பியனான பின்னர் ஜாக்சனை மீண்டும் சந்திக்கவில்லை. நோவா ஸ்கோஷியாவிற் பிறந்த சாம் லாங்போர்ட், தம் காலத்தின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவர் என யாவராலும் ஏற்கப்பட்டும், அதிபாரப் பட்டத்துக்கு ஒரு தடவையேனும் போட்டியிட அனுமதிக்கப்படவில்லை. ஹரி வில்ஸ் பல்லாண்டுகள் டெம்ப்சிக்காகக் காத்திருந்தார். வில்சைச் சந்திக்குமாறு நியூ யோர்க் ஆணையம் வற்புறுத்தியும், 1926 இல் டெம்ப்சி பிலடெல்பியாவுக்குச் சென்று டனியையே சந்தித்தார். 1915 இல் ஜோன்சன் தோற்றதிலிருந்து 1937 இல் லூயிஸ் வாய்ப்புப் பெறும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், கறுப்பினத்தவர் எவரும் இப்பட்டத்துக்காக மேடையேற விடப்படவில்லை. வாயிலுக்கு வெளியே நின்ற லாங்போர்டும் வில்சும் தம்முள்ளேயே பதினைந்து தடவைக்கு மேல் மோதிக்கொண்டனர்; மோதுவதற்கு வேறு எதிராளிகள் போதியளவு அவர்களுக்குக் கிடைக்காமையே காரணம். லாங்போர்ட் ஈற்றில் பார்வையிழந்தார். 1944 இல் நியூ யோர்க்கின் ஹார்லெமில் வறுமையில் வாடியிருந்த அவரைப் பத்திரிகையாளர் ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

ஜோன்சனும் குற்றமற்றவர் அல்லர் என எதிரணியினர் கூறலாம், அது உண்மையே. சம்பியனான பின் அவர் லாங்போர்டுக்கு வாய்ப்பளிக்கவில்லை. கறுப்பினத்தவர் ஒருவருக்கு எதிராக ஒரே ஒரு தடவை, 1913 இல் பாரிசில், பட்டத்தைப் பணயம் வைத்தார். ஆயின் இது வாதத்தை வலுப்படுத்துகின்றதேயன்றி மறுக்கவில்லை. இரு கறுப்பினத்தவர் மோதும் போட்டியில் பெரும் பணம் இல்லை என வகுத்த அமைப்பு, கறுப்பினச் சம்பியனையும் அதே கணக்கையே போட வைத்தது. தனிமனிதரின் நற்குணத்தாலோ தீக்குணத்தாலோ தீராத கேடு அது.

இது வெறும் பொழுதுபோக்கு. இதற்குள் இனத்தையும் அரசியலையும் புகுத்துவது ஏன் என்றும் சிலர் வினவக்கூடும். அவற்றைப் புகுத்தியவர்கள் இன்று அவற்றைச் சுட்டிக்காட்டுவோர் அல்லர். ஒப்பந்தங்களைக் கிழித்தவர்களும் விதிகளை வகுத்தவர்களுமே புகுத்தினர். டெம்ப்சி மாபெரும் வீரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் வில்சைச் சந்தியாத டெம்ப்சியின் பெருமை ஒரு பகுதி நிரூபிக்கப்படாததாகவே நிற்கும். அந்நிரூபணத்தை இன்றைய பியூரியை 1919 க்கு அனுப்பிப் பெற முடியாது; 1920களில் வில்சிடமே பெற்றிருக்க வேண்டும்.

நிகழ்காலமும் இக்குறையிலிருந்து முற்றாக நீங்கிவிடவில்லை. நிறத்தடை மறைந்த இடத்தில் பணத்தடை நிற்கின்றது. பியூரியும் ஜோசுவாவும் ஒரே நாட்டினர், ஒரே காலத்தவர், பல ஆண்டுகள் இருவருமே உச்சியில் நின்றவர்கள். அவர்களது மோதல் எத்தனையோ தடவை பேசப்பட்டும், 2025 ஆம் ஆண்டின் இறுதிவரை நடைபெறவில்லை. நாளைய தலைமுறையினர் இவ்விருவரையும் கணனியில் மோதவிட்டு மகிழக்கூடும். அன்று அவர்களும், இன்று வாயிலை மறந்தோர் போலவே, போட்டி ஏன் நடக்கவில்லை என்று கேளாது யார் வென்றிருப்பார் என்றே கேட்பர்.

வீரன் ஒருவனை அவன் காலத்து விதிகளாலும், அவன் சந்தித்த எதிராளிகளாலும், சந்திக்காது விட்ட எதிராளிகளாலும் மதிப்பிடுவதே நேர்மையான மதிப்பீடாகும். அவ்வாறு மதிப்பிடும்போது சில சம்பியன்களின் பெயர்கள் சற்றே மங்கும். பட்டமே பெறாத சிலரின் பெயர்கள் ஒளிபெறும். பொற்காலத்தார்க்கு இது கசக்கலாம். உடலளவு நம்புவோர்க்கு இது சுவையற்றிருக்கலாம். ஆயினும் டெம்ப்சியின் முன் பியூரி எத்தனை சுற்றுகள் நின்றிருப்பார் என்பதற்கு ஒருபோதும் விடை கிடையாது. டெம்ப்சியின் முன் வில்ஸ் ஏன் ஒரு சுற்றேனும் நிற்க விடப்படவில்லை என்பதற்கோ விடை உண்டு. அது எழுதப்பட்டும் உள்ளது. விடையுள்ள வினாவைக் கைவிட்டு விடையற்ற வினாவைப் பற்றிக்கொள்வது அறியாமையாக மட்டும் இராது. சில வேளைகளில் அது வசதியாகவும் இருக்கும்.